ஏதுமில்லை என்று எழுதப்படும் குழந்தைகள்

கோவளம் கடற்கரைக்கு 2021இல் நீலக்கொடிச் சான்று கிடைத்தது. தமிழ்நாட்டில் அந்தச் சான்றைப் பெற்ற முதல் கடற்கரை இதுதான். அதற்கு 33 நிபந்தனைகள் உண்டு. குறிப்பிட்ட இடைவெளியில் கடல்நீரை எடுத்துச் சோதிக்க வேண்டும், அதில் என்ன கிருமி எவ்வளவு இருக்கிறது என்பதை வருகிறவர்களின் கண்ணில் படும்படி எழுதி வைக்க வேண்டும் என்பதும் அவற்றில் அடக்கம். சென்னையிலிருந்து காரில் வந்து இறங்குகிறவர், காலை நனைப்பதற்கு முன்பே தண்ணீரின் தரத்தைத் தெரிந்துகொள்ளலாம்.

அந்தக் கடற்கரையைச் சுற்றியுள்ள ஊர்களில் கடந்த ஆண்டு எத்தனை குழந்தைகள் பள்ளியை விட்டு நின்றார்கள், எத்தனை பேர் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுவரப்பட்டார்கள், அவர்களில் எத்தனை பேர் வீடு திரும்பினார்கள் என்று சொல்லும் பலகை எதையும் நான் பார்த்ததில்லை. முனைவர் பட்டத்துக்காக நான் படிப்பது இந்தக் கணக்குகளைத்தான். ஒரு குழந்தையைப் பற்றி அரசு என்ன எழுதி வைக்கிறது, எழுதியதில் எது மேலே போகிறது, எது வழியிலேயே விழுந்துவிடுகிறது என்பதே என் கேள்வி.

கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஓர் ஊராட்சியில், கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழுவின் மினிட்ஸ் நோட்டைப் பார்க்க எனக்கு அனுமதி கிடைத்தது. ஊரின் பெயர் வேண்டாம். பெயரை மாற்றினால் வேறு பல ஊர்களுக்கும் பொருந்தும். நோட்டில் ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு பக்கம். குழந்தைத் திருமணம்: ஏதுமில்லை. குழந்தைத் தொழிலாளர்: ஏதுமில்லை. பள்ளி இடைநின்றோர்: ஏதுமில்லை. பாலியல் புகார்: ஏதுமில்லை. அடுத்த பக்கத்திலும் அதே கையெழுத்து, அதே வரிகள். தேதி மட்டும் மாறியிருந்தது. இதற்கு அலுவலக மொழியில் ‘நில் ரிப்போர்ட்’ என்று பெயர்.

கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் அங்கன்வாடி அக்காவிடம் கேட்டேன்: “உண்மையிலேயே ஒண்ணுமே இல்லையாக்கா?”

“எழுதுனா யாரு பதில் சொல்றது தம்பி? நாளைக்கே போன் வரும். யாரு, என்னா, ஏன் முன்னாடியே சொல்லலன்னு. எழுதலன்னா ஒரு தொல்லையும் இல்ல.” கொஞ்ச தூரம் நடந்த பிறகு அவரே தொடர்ந்தார்: “போன வருசம் ஒரு கல்யாணம் நடந்துச்சு. பொண்ணு பதினொண்ணாவதுதான். பெரிய வீட்டுச் சொந்தக்காரங்க. நான் இந்த ஊர்லதானே இருக்கணும்?”

அந்த அக்காவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொற்ப மதிப்பூதியம் வாங்கிக்கொண்டு அதே ஊரில் குடியிருக்கும் ஒரு பெண்ணிடம், ஊரில் அதிகாரம் உள்ள குடும்பத்துக்கு எதிராக முதல் வரியை எழுதும் வேலையை அரசு கொடுத்திருக்கிறது. எழுதினால் தண்டனை, எழுதாவிட்டால் நிம்மதி. இந்த ஏற்பாட்டில் ‘ஏதுமில்லை’ என்பதைத் தவிர வேறு என்ன வரும்?

ஆனால் அதே நோட்டில், பழைய பக்கம் ஒன்றில், ஒரேயொரு இடத்தில் ‘ஏதுமில்லை’க்குப் பதிலாக ஒரு பதிவு இருந்தது. தடுத்து நிறுத்தப்பட்ட ஒரு குழந்தைத் திருமணம். இருளர் குடியிருப்பில் நடந்தது. அந்த வீட்டை எழுதினால் யாரும் போன் செய்து மிரட்டப்போவதில்லை. குழந்தைப் பாதுகாப்புத் தரவில் சாதி நுழையும் வாசல் இதுதான் என்று எனக்குத் தோன்றியது. ஆதிக்க சாதி வீடுகளில் நடப்பது எழுதப்படாமல் போகிறது. ஒடுக்கப்பட்டவர்களின் வீடுகளில் நடப்பது எழுதப்படுகிறது. இரண்டையும் கூட்டி மேலே அனுப்பினால், ‘விழிப்புணர்வு இல்லாத மக்கள்’ யார் என்பதற்கு அரசிடம் ஓர் ஆதாரம் தயாராகிவிடுகிறது.

இருளர் குழந்தைகள் தவறு செய்தவர்களின் பட்டியலில் எளிதாக ஏறுகிறார்கள். பாதுகாப்பு தேவைப்படுவோர் பட்டியலில்தான் அவர்களைக் காணோம். செங்கல் சூளைக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு போகும்போது குழந்தையும் போகிறது. பள்ளியின் எமிஸ் கணினிப் பதிவில் அந்தப் பெயர் கொஞ்ச நாள் வருகைப் பட்டியலில் கிடக்கும், பிறகு ‘பொதுத் தொகுப்பு’ என்ற கணக்குக்கு மாறும். வேறு பள்ளி எதுவும் அந்தப் பெயரை எடுத்துக்கொள்ளும்வரை அது அங்கேயே கிடக்கும். ஊராட்சி நோட்டில் அந்தக் குழந்தை இடைநின்றவர் அல்ல, ஊரில் இல்லாதவர். சூளை இருக்கும் ஊரின் நோட்டில் அது அந்த ஊர்க் குழந்தையே அல்ல. இரண்டு ஊரும் ‘ஏதுமில்லை’ என்று எழுதுகின்றன. இரண்டுமே பொய் எழுதியதாக நிரூபிக்க முடியாது.

கோவளத்திலிருந்து இருபது கிலோமீட்டர் தெற்கே போனால் மாமல்லபுரம். இந்தியாவில் குழந்தைகள் இல்லங்களைப் பற்றிய மிக முக்கியமான வழக்கு தொடங்கியது அந்த ஊரை வைத்துத்தான் என்பது இங்கே பலருக்குத் தெரியாது. 2007இல் மாமல்லபுரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள ஆதரவற்றோர் இல்லங்களில் குழந்தைகள் பாலியல் சுரண்டலுக்கு உள்ளாவதாக ஒரு பத்திரிகைக் கட்டுரை வந்தது. மங்களூரில் இருந்த ஒருவர் அதைப் படித்துவிட்டு உச்ச நீதிமன்றத்துக்கு எழுதினார். அதுவே ‘தமிழ்நாட்டு ஆதரவற்றோர் இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்படுவது குறித்து’ என்ற தலைப்பில் வழக்கானது. பத்து ஆண்டுகள் கழித்து, 2017 மே 5 அன்று நீதிபதிகள் மதன் பி.லோகுர், தீபக் குப்தா அமர்வு தீர்ப்பளித்தது. எல்லா இல்லங்களையும் அந்த ஆண்டு டிசம்பர் 31க்குள் பதிவு செய்து முடிக்க வேண்டும், பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகள் பற்றிய தரவுத்தளம் ஒன்றை உருவாக்கி மாதாமாதம் புதுப்பிக்க வேண்டும், அதில் குழந்தையின் அந்தரங்கம் காக்கப்பட வேண்டும் என்றெல்லாம் உத்தரவுகள் அதில் இருந்தன.

அடுத்த ஆண்டே அதே நீதிமன்றத்தில் இரண்டு எண்கள் மோதின. 2016-17 வரை நடந்த கணக்கெடுப்பின்படி இந்தியாவில் இல்லங்களில் இருந்த குழந்தைகள் சுமார் 4.73 லட்சம். 2018 மார்ச்சில் ஒன்றிய அரசு தாக்கல் செய்த கணக்கில் 2.61 லட்சம். நடுவில் இருந்த இரண்டு லட்சம் பேர் எங்கே போனார்கள் என்று நீதிபதிகள் கேட்டார்கள். 2020 டிசம்பரில், கொரோனா தொடங்கியபோது இல்லங்களில் இருந்தவர்கள் 2,27,518 பேர் என்றும், அவர்களில் 1,45,788 பேர் குடும்பங்களிடம் திருப்பி அனுப்பப்பட்டதாகவும் அதே நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. அப்படித் திரும்பிய குழந்தைகளின் படிப்புக்கு மாதம் 2,000 ரூபாய் கொடுக்க நீதிமன்றம் உத்தரவிட்டது.

இந்த எண்கள் ஏன் இப்படிச் சரிகின்றன என்பதற்கு ஒரு சாதாரண விளக்கம் உண்டு. ‘இல்லம்’ என்ற பலகை தொங்கினால் அது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் வரும். அதே கட்டடத்தில் அந்தப் பலகையைக் கழற்றிவிட்டு ‘விடுதி’ என்று மாட்டினால், தமிழ்நாட்டில் 2014ஆம் ஆண்டின் விடுதிகள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் போய்விடும். அலுவலகம் வேறு, பதிவேடு வேறு. குழந்தை அதே பாயில்தான் படுத்திருக்கிறது. கணக்கிலிருந்து மட்டும் வெளியேறிவிட்டது. ஒன்றிய அரசு 2018இல் வெளியிட்ட ஆய்வில் நாடு முழுவதும் 9,589 இல்லங்கள் இருந்தன. தமிழ்நாட்டில்தான் அதிகம், 1,600க்கும் மேல். அந்த இல்லங்களில் வளரும் பிள்ளைகள் யார் வீட்டுப் பிள்ளைகள்? இந்தக் கேள்விக்கு நம் அனுபவத்திலிருந்து பதில் சொல்லத் தெரியும். அரசின் அட்டவணையிலிருந்து சொல்ல முடிவதில்லை.

ஒரு மாவட்ட அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேட்டேன்: ஓர் ஆண்டில் குழந்தைகள் நலக் குழுவின் முன் வந்த குழந்தைகளில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர் எத்தனை பேர்? ‘கோரும் வடிவில் தகவல் பராமரிக்கப்படவில்லை’ என்று ஒரு வரிப் பதில் வந்தது.

பராமரிக்கப்படவில்லை என்பது சேகரிக்கப்படவில்லை என்பதாகாது. ஒன்றிய அரசின் 2016 மாதிரி விதிகளோடு இணைந்த படிவங்களைப் பாருங்கள். குழந்தையின் பின்னணியை எழுதும் படிவத்தில் மதம் என்ற கேள்விக்குக் கீழே ‘இந்து (ஓ.சி. / பி.சி. / எஸ்.சி. / எஸ்.டி.)’ என்று ஒரு வரி இருக்கிறது. அடுத்த வரி ‘முஸ்லிம் / கிறிஸ்தவர் / பிற’. ஆகவே வாசலில் சாதி கேட்கப்படுகிறது. அதுவும் இந்துவாக இருந்தால் மட்டும். செங்கல்பட்டு மாவட்டத்தில் தலித் கிறிஸ்தவர்கள் பெரும் எண்ணிக்கையில் வாழ்கிறார்கள். கோவளம் கார்மேல் மாதா கோயிலைச் சுற்றி வாழ்வது மீனவக் கிறிஸ்தவர்கள். படிவத்தின் முன் இந்த இரு குழந்தைகளும் வெறும் ‘கிறிஸ்தவர்’. மதம் மாறினால் சாதி போய்விடும் என்று நம்புகிற ஒரே இடம் அரசின் படிவம்தான் போலிருக்கிறது.

இப்படி வாசலில் கேட்கப்பட்டது தனிக்கோப்புக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறது. மாவட்ட ஆட்சியருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போகும் அறிக்கை பேசுவது வேறு மொழி: வந்தவை எத்தனை, முடிந்தவை எத்தனை, நிலுவை எத்தனை. கோப்பு முடிந்தால் வெற்றி. முடிந்த கோப்பிலிருந்த குழந்தை இப்போது எங்கே இருக்கிறது என்பது இன்னொரு கேள்வி. அதைக் கேட்பதற்கு அங்கே கட்டம் இல்லை.

எல்லைகளும் ஒத்துப்போவதில்லை. 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு மாவட்டம் பிரிந்தது. 2022 ஜனவரியில் தாம்பரம் காவல் ஆணையரகம் செயல்படத் தொடங்கியது. கோவளம் பகுதி வருவாய்க் கணக்கில் செங்கல்பட்டு மாவட்டம், காவல் கணக்கில் தாம்பரம் ஆணையரகம். அந்த ஆணையரகத்துக்குள் காஞ்சிபுரம் மாவட்டத்தின் சில பகுதிகளும் வருகின்றன. போக்சோ வழக்குகளின் எண்ணிக்கை காவல் எல்லையின்படி வருகிறது. குழந்தைகள் நலக் குழுவின் எண்ணிக்கை வருவாய் எல்லையின்படி வருகிறது. எத்தனை வழக்கு பதிவானது, அதில் எத்தனை குழந்தைகளுக்கு உதவி போய்ச் சேர்ந்தது என்று ஒப்பிட உட்கார்ந்தால், நான்கு மாதம் போன பிறகுதான் இரண்டும் ஒரே நிலப்பரப்பைப் பற்றியவையே அல்ல என்பது புரியும். எனக்குப் புரிந்தது அப்படித்தான்.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைக்கும் இதே நோய். குழந்தைகளுக்கு எதிரான குற்றங்கள் ஓர் அத்தியாயம், பட்டியல் சாதியினருக்கு எதிரான குற்றங்கள் இன்னோர் அத்தியாயம். முதல் அத்தியாயத்தில் பாதிக்கப்பட்ட குழந்தையின் சாதி தெரியாது. இரண்டாவதில் தலித் குழந்தை இடம்பெற வேண்டுமானால் வழக்கில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். காவல் நிலையத்தில் அந்தச் சட்டத்தைச் சேர்க்க வைப்பதற்கே எத்தனை நாள் வாசலில் நிற்க வேண்டியிருக்கிறது என்பது இதைப் படிக்கும் தோழர்களுக்குத் தெரியும். சேர்க்காவிட்டால் அவள் ‘ஒரு குழந்தை’. சாதியற்ற, பொதுவான, இந்தியக் குழந்தை.

2022 டிசம்பர் இறுதியில் நடந்ததை மறக்க முடியாது. தாம்பரம் பகுதியைச் சேர்ந்த 17 வயதுச் சிறுவன், பேட்டரி திருடியதாகப் பிடிக்கப்பட்டு செங்கல்பட்டு அரசினர் கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பப்பட்டான். இரண்டே நாளில் இறந்தான். அடித்துக் கொன்றதாக இல்லத்தின் ஊழியர்கள் ஆறு பேர் கைதானார்கள். அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அமைத்தது. அது 2023இல் அறிக்கை கொடுத்தது. தாய் விடாமல் போராடியதாலும் இயக்கங்கள் கூடவே நின்றதாலும் அந்தச் சாவு வெளியே தெரிந்தது. எந்தப் புள்ளிவிவரமும் அதைக் காட்டிக்கொடுக்கவில்லை. பெரியவர்கள் சிறையில் இறந்தால் ஆண்டுதோறும் வெளிவரும் சிறைப் புள்ளிவிவர அறிக்கையில் ஓர் எண்ணாகவாவது பதிவாகும். சிறையில் இருப்பவர்களில் பட்டியல் சாதியினர் எத்தனை, பழங்குடியினர் எத்தனை என்றும் அதே அறிக்கை சொல்லும். கூர்நோக்கு இல்லங்கள் சிறைகள் அல்ல, ஆகவே அந்த அறிக்கையில் இல்லை. சிறுவர்களைச் சிறையோடு சேர்த்துப் பேசக் கூடாது என்ற நல்ல எண்ணம், அந்தச் சுவர்களுக்குள் யார் இருக்கிறார்கள் என்பதையும் மறைத்துவிட்டது.

எதிர்ப் பக்கமும் ஒன்று உண்டு. எண்ணிக்கை கூடினால் பாதுகாப்பு கூடிவிட்டது என்று நாம் மகிழ்ந்துவிடுகிறோம். 17 வயதுப் பெண் வேறு சாதிப் பையனோடு போய்விடுகிறாள். பெண் வீட்டார் புகார் கொடுக்கிறார்கள். பையன் மீது போக்சோ. காவல் கணக்கில் ஒரு பாலியல் குற்றம் கூடுகிறது, சமூகநலத் துறையின் கணக்கில் ஒரு குழந்தைத் திருமணம் தடுக்கப்படுகிறது, குழந்தைகள் நலக் குழுவின் கணக்கில் ஒரு பெண் மீட்கப்படுகிறாள். மூன்று அலுவலகங்களுக்கு மூன்று வெற்றிகள். இளம்பருவக் காதலைத் தண்டிப்பது இந்தச் சட்டத்தின் நோக்கமல்ல என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜனவரியில் சொன்னார். இப்படிப்பட்ட வழக்குகளில் அவசரப்பட்டுக் கைது செய்ய வேண்டாம் என்று தமிழ்நாடு காவல்துறைத் தலைவர் 2022 டிசம்பரில் சுற்றறிக்கை அனுப்பினார். ஆனால் அந்தக் கைதுகளில் எத்தனை, தலித் பையனைப் பழிவாங்க ஆதிக்க சாதிக் குடும்பம் சட்டத்தைப் பிடித்துக்கொண்டவை? இருவரின் சாதியும் கோப்பில் இருக்கும். கூட்டிப் பார்க்கத்தான் யாருமில்லை. மாமாவோ வாத்தியாரோ சீரழித்த ஒரு சிறுமியும், காதலித்தவனிடமிருந்து பிரித்து இல்லத்தில் அடைக்கப்பட்ட ஒரு பெண்ணும் அட்டவணையில் ஒரே கட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இதைப் பேசினால் தோழர்கள் சிலரே தயங்குகிறார்கள். சாதி என்ற கட்டத்தை ஒழிக்கத்தானே போராடுகிறோம், குழந்தையின் தலையில் அதை எழுதச் சொல்கிறாயா? நியாயமான தயக்கம். சாதி பார்த்துக் கைதிகளுக்கு வேலை பிரிக்கப்பட்டதால்தான் 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சிறைப் பதிவேடுகளிலிருந்து சாதிக் கட்டத்தையே நீக்கச் சொன்னது. நான் அந்தத் தீர்ப்பின் பக்கம்தான். வார்டனின் கையில் இருக்கும் பதிவேட்டில் சாதி இருக்கவே கூடாது. யார் கக்கூஸ் கழுவுவது என்று அவர் முடிவு செய்ய அது உதவும். நான் கேட்பது வேறு: பெயர் இல்லாமல், ஊர் இல்லாமல், மாவட்ட அளவில் கூட்டிய ஓர் எண். சிறிய ஊராட்சியில் ‘ஒரு பழங்குடிச் சிறுமி’ என்று எழுதினாலே அவள் யார் என்று ஊருக்குத் தெரிந்துவிடும் என்பது உண்மைதான். குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி குற்றமும்கூட. அதற்குத்தான் மாவட்ட அளவில் கூட்டுங்கள் என்கிறேன். இன்று நடப்பதோ இதற்கு நேர் எதிர். தனி ஆள் கோப்பில் சாதி இருக்கிறது. பொதுக் கணக்கில் இல்லை. அவமானப்படுத்த உதவும் இடத்தில் இருக்கிறது, கேள்வி கேட்க உதவும் இடத்தில் காணாமல் போகிறது.

இந்த ‘ஏதுமில்லை’ புதிதல்ல. 1932இல் வாக்குரிமை பற்றி விசாரிக்க லோதியன் குழு வந்தபோது, தீண்டப்படாதோர் எண்ணிக்கைக்கு ஏற்பப் பிரதிநிதித்துவம் கிடைக்கும் என்று தெரிந்ததும், சாதி இந்துக்கள் பல மாகாணங்களில் அந்த எண்ணையே மறுத்தார்கள். தங்கள் மாகாணத்தில் தீண்டப்படாதோர் மிகக் குறைவு என்றார்கள், இல்லவே இல்லை என்றும் சொன்னார்கள். அண்ணல் அம்பேத்கர் அதை விரிவாகவே எழுதியிருக்கிறார். எண்ணப்படுகிறவர்களுக்குப் பங்கு கொடுக்க வேண்டி வந்த நாளில்தான் எண்ணிக்கை சுருங்கியது.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதி உண்டு என்று ஒன்றிய அரசு 2025இல் அறிவித்திருக்கிறது. இல்லங்களிலும் விடுதிகளிலும் சூளைகளிலும் இருக்கும் குழந்தைகளின் சாதியை யார் சொல்லப்போகிறார்கள், வார்டனா, மேஸ்திரியா என்று இப்போதே கேட்டு வைக்க வேண்டும்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. தகவல் உரிமை மனுவில் எண்ணிக்கையைக் கேட்டால் ‘பராமரிக்கப்படவில்லை’ என்று முடித்துவிடுகிறார்கள். ஆகவே இந்த முறை நான் எண்ணிக்கையைக் கேட்கவில்லை. நிரப்பப்படாத படிவங்களைக் கேட்டிருக்கிறேன்: மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகு மாதாமாதம் மேலே அனுப்பும் அறிக்கையின் வெற்றுப் படிவம், குழந்தைகள் நலக் குழுவின் காலாண்டு அறிக்கையின் வெற்றுப் படிவம், கிராமக் குழுவின் வெற்றுப் படிவம். வெற்றுத் தாளில் எந்தக் குழந்தையின் அந்தரங்கமும் இல்லை, மறுக்கக் காரணம் கிடையாது. எந்தக் கட்டம் இருக்கிறது, எது இல்லை என்று அதுவே சொல்லிவிடும். இன்னொன்று, தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் நடக்கின்றன. கிராமக் குழுவின் அறிக்கையை அங்கே வாசிக்கச் சொல்லலாம். சேரியிலிருந்தும் இருளர் குடியிருப்பிலிருந்தும் நாலு பேர் உட்கார்ந்திருக்கும்போது ‘ஏதுமில்லை’ என்று சத்தமாகப் படிப்பது, நோட்டில் எழுதுவதைவிடக் கொஞ்சம் கஷ்டம்.

அங்கன்வாடி அக்காவிடம் இதைச் சொன்னேன். பெயர் எழுதாமல், வீடு எழுதாமல், எண்ணிக்கை மட்டும் நேராக மாவட்டத்துக்கு அனுப்ப ஒரு தாள் இருந்தால் எழுதுவீங்களா என்று கேட்டேன். “அத யாரு வாங்கிக்குவா தம்பி?” என்றார். அந்தக் கேள்வியையும் மனுவில் கடைசி வரியாகச் சேர்த்திருக்கிறேன். 30 நாள் கெடு. உங்கள் மாவட்டத்தில் நீங்களும் கேட்டுப் பதில் வந்தால் அனுப்புங்கள், படிவங்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம்.